ஜப்ஜியின் ஒரே வரிக்கு ஆங்கிலத்தில் இரண்டு பொருள் வருவது ஏன்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது: சீக்கியர்களின் மறைநூலான குரு கிரந்த சாகிப்பின் தொடக்கத்தில் உள்ள, குரு நானக் பாடிய ஜப்ஜியை இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளில் படித்திருக்கிறீர்கள். முதல் பவுடியின், அதாவது முதல் கண்ணியின், முதல் வரி ஒரு மொழிபெயர்ப்பில் ‘லட்சம் முறை சிந்தித்தாலும் சிந்தனைக்கு எட்டாது’ என்று இருக்கிறது. மற்றதில் ‘லட்சம் முறை நீராடினாலும் தூய்மை வராது’ என்று இருக்கிறது. எது பிழை, குரு கிரந்த சாகிப்புக்கு ஐயமில்லாத ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு இன்னும் ஏன் வரவில்லை, ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஜப்ஜியைத் தமிழில் தரலாமா என்பவை உங்கள் கேள்விகள். இவற்றுக்கெல்லாம் அடியில், மொழிபெயர்த்தவர்களில் யாரோ ஒருவர் கவனக்குறைவாக இருந்துவிட்டார் என்ற ஐயம் தெரிகிறது. அப்படி இல்லை. மூலம் பல இடங்களில் எழுவாயையும் சுட்டுப்பெயரையும் இணைப்புச் சொல்லையும் சொல்லாமலே விடுகிறது. ஆங்கில வாக்கியம் அவை இல்லாமல் நிற்காது. மொழிபெயர்ப்பாளர் ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும். எடுத்த முடிவை அவர் வாசகரிடம் சொல்வதில்லை என்பதுதான் என் குறை.

நான் மொழியியல் படித்தவன். பாட்டியாலாவில் தங்கி, இந்த நூல் எழுதப்பட்ட குர்முகி எழுத்தையும், குர்பானி எனப்படும் இதன் பாடல்களின் இலக்கணத்தையும் முறையாகக் கற்றேன். பல ஆண்டுகளாக மாணவர்களோடு உட்கார்ந்து வரி வரியாக வாசித்து வருகிறேன். ஆனால் நான் சீக்கியன் அல்லன். விடியற்காலையில் ஜப்ஜியை ஓதி ஓதி வளர்ந்தவருக்குக் காதிலேயே தங்கியிருக்கும் பொருள் எனக்கு உரைநூல்களின் வழியாகத்தான் வந்தது. ஆகவே இலக்கணம் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். வழிபாட்டு அனுபவம் சார்ந்த இடங்களில் ஒரு ஞானியின், அதாவது மரபு வழியில் குர்பானி கற்ற சீக்கிய அறிஞரின், சொல் என் சொல்லைவிடப் பெரிது.

முதலில் அந்த வரி. ‘சோசை சோசி ந ஹோவயீ ஜே சோசீ லக் வார்.’ ‘சோச்’ என்பதை இன்றைய பஞ்சாபியிலும் இந்தியிலும் கேட்டால் சிந்தனை என்றுதான் தோன்றும். வடமொழியின் ‘சௌச’, ‘சுசி’ என்ற தூய்மைச் சொற்களிலிருந்து வந்ததாகக் கொண்டால் நீராடித் தூய்மை பெறுதல் என்று ஆகும். இரண்டும் இலக்கணத்துக்கு உட்பட்டவையே. குர்பானி இலக்கணத்தை வகுத்த பேராசிரியர் சாகிப் சிங், 1960-களில் பத்துத் தொகுதிகளாக வந்த தம் உரையில் தூய்மை என்ற பொருளையே கொண்டார். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அடுத்த வரி மௌன விரதத்தைப் பேசுகிறது, அதற்கடுத்தது பசியைப் பேசுகிறது, நான்காவது ‘ஆயிரம் லட்சம் சாமர்த்தியம் இருந்தாலும் ஒன்றும் உடன் வராது’ என்கிறது. அறிவின் போதாமையை நான்காம் வரி தனியாகச் சொல்லிவிடுகிறது என்றால் முதல் வரியும் அதையே சொல்ல வேண்டிய தேவை இல்லை. நீராடல், மௌனம், பசி, சாமர்த்தியம் என்று நான்கும் வெவ்வேறாக நிற்பது நானக்கின் கட்டமைப்புக்குப் பொருந்துகிறது. தீர்த்தமாடுவதைப் பற்றி அதே ஜப்ஜியில் அவர் வேறு இடங்களிலும் பேசுகிறார். இருந்தாலும் இது என் சாய்வு மட்டுமே. சிந்தனை என்று பொருள் சொன்ன மரபும் பழையது, கற்றவர்களின் மரபு. இந்த வரியில் ஒருவரையும் பிழை செய்தவர் என்று சொல்ல மாட்டேன்.

எல்லா வேறுபாடும் இப்படித் திறந்தே கிடக்கவில்லை. சிலவற்றை இலக்கணம் தீர்த்துவைக்கிறது. குர்பானியில் சொல்லின் கடைசி மெய்யோடு வரும் குறில் உயிர்க்குறி பெரும்பாலும் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. ஜப்ஜியிலேயே ‘நானகு நீசு கஹை வீசாரு’ என்று ஓரிடத்தில் வருகிறது. ‘நானகு’ என்ற உகர ஈறு எழுவாய். எளியவனான நானக் இந்தக் கருத்தைச் சொல்கிறான் என்று பொருள். தொடக்கத்தில் வரும் ‘நானக் ஹோசீ பீ சசு’ என்ற வரியில் உகரம் இல்லை, அது விளி. நானக்கே, இனியும் அது உண்மையாகவே இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது. இகரம் வந்தால் பெரும்பாலும் ‘ஆல்’ என்ற மூன்றாம் வேற்றுமைப் பொருளோ ‘இல்’ என்ற ஏழாம் வேற்றுமைப் பொருளோ வரும். ‘சபது’ என்றால் சொல் எழுவாயாக நிற்கிறது, ‘சபதி’ என்றால் சொல்லால். இன்று ஓதுபவர்கள் பெரும்பாலும் இந்த ஈற்று உயிர்களை ஒலிப்பதில்லை. ஆகவே காதால் மட்டும் கேட்டு மொழிபெயர்ப்பவருக்கு இவை தெரியவே தெரியாது. பல ஆங்கிலப் பதிப்புகள் விளியையும் எழுவாயையும் ஒன்றாக்கி, எல்லா இடத்திலும் ‘நானக் சொல்கிறார்’ என்று போட்டுவிடுகின்றன. தன்னோடு பேசுகிற ஒரு கவிஞர் இதனால் ஊருக்கு உபதேசம் செய்கிறவராக மாறிவிடுகிறார். எனக்கு இது சிறிய இழப்பாகத் தெரியவில்லை.

எழுத்து முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய பிரதிகளில் சொற்களைப் பிரிக்காமல் ஒரே தொடராக எழுதினார்கள். நம் ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த முறைக்கு ‘லரிவார்’ என்று பெயர். பதம் பிரித்து அச்சிடுவது பின்னால் வந்த வழக்கம். பிரிக்கும்போதே பொருள் முடிவாகிவிடும். ஜப்ஜியின் பதினான்காம் பவுடியில் ‘மன்னை மகு ந சலை பந்து’ என்று ஒரு வரி இருக்கிறது. ‘மகு’ என்றால் வழி, ‘ந’ என்றால் இல்லை. மனதார ஏற்றவன் குறுகிய மார்க்கங்களின் வழியில் நடப்பதில்லை என்று பொருள் வரும். ‘மகு’வையும் ‘ந’வையும் சேர்த்து ‘மகன்’ என்று படித்தால் லயித்தவன், மகிழ்ச்சியில் மூழ்கியவன் என்று ஆகும். அப்போது அவன் பாதையில் ஆனந்தமாக நடக்கிறான். ஓரிடத்தில் ‘நடப்பதில்லை’, மற்றதில் ‘நடக்கிறான்’. ஒரு சிறு இடைவெளி எதிர்மறையையே உண்டாக்குகிறது, அல்லது அழிக்கிறது. இங்கே எனக்கு ஐயம் குறைவு. ககரத்தின் கீழ் உகரக் குறி இருப்பதால் ‘மகு’ தனிப் பெயர்ச்சொல். சேர்த்துப் படிப்பவர்கள் அந்த உகரத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் ஆங்கிலப் பெயர்ப்பு எதிர்மறையைச் சரியாக எடுத்துக்கொண்டு, ‘வெற்று மதச் சடங்குகளைப் பின்பற்றுவதில்லை’ என்கிறது. சடங்கு என்ற சொல்லும் வெற்று என்ற சொல்லும் மூலத்தில் இல்லை. விளக்கம் மொழிபெயர்ப்புக்குள் நுழைந்து, மூலத்தின் குரலிலேயே பேசத் தொடங்கிவிட்டது. மூலம் தெரியாத வாசகர் அதை நானக்கின் சொல் என்றே நம்புவார்.

சுருக்கம் தரும் தொல்லை இதைவிடப் பெரியது. ஆசா ராகத்தில் குரு நானக்கின் ஒரு பாடல் ‘ஆகா ஜீவா விசரை மரி ஜாவு’ என்று தொடங்குகிறது. ‘சொல்கிறேன், வாழ்கிறேன், மறந்தால் சாகிறேன்.’ எதைச் சொல்கிறேன், எதை மறந்தால் என்பது அங்கே இல்லை. பாடுகிறவருக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை. ஆங்கிலம் ஒரு செயப்படுபொருளைக் கேட்கிறது. ‘அதை’ என்று போடலாம், ‘உன் பெயரை’ என்று போடலாம், ‘உன்னை’ என்றும் போடலாம். எதைப் போட்டாலும் மூச்சு விடுவதுபோல் வந்த வரி ஒரு விளக்க வாக்கியமாகிவிடுகிறது. இதே காரணத்தால்தான் நூலின் தொடக்க வரிகளான மூல மந்திரமும் ஆங்கிலத்தில் அடையாளம் மாறிப்போகிறது. அங்கே வினைமுற்றே இல்லை. அச்சமற்ற, பகையற்ற, காலம் கடந்த வடிவான, பிறப்பில்லாத என்று பெயர்களும் அடைகளும் வரிசையாக நிற்கின்றன. முதலில் இருப்பது எழுத்தால் எழுதிய சொல்கூட இல்லை, ஒன்று என்ற எண். ஆங்கிலத்தில் ‘ஒரே கடவுள் இருக்கிறார்’ என்று வாக்கியமாக்கி, தொடர்ந்து ‘அவர்’, ‘அவரது’ என்று ஆண்பாலில் கொண்டுபோகிறார்கள்.

இந்த ஆண்பால் விஷயத்தில் இருபுறமும் நியாயம் உண்டு. மூலத்தில் இல்லாத ‘அவன்’ ஆங்கிலத்தில் வரிக்கு வரி வருவது உண்மை. பல பாடல்களில் பாடுகிறவர் தம்மை மணப்பெண்ணாகவே வைத்துப் பாடுகிறார் என்பதும் உண்மை. சீக்கிய சமய ஆய்வாளர் நிக்கி குனிந்தர் கௌர் சிங் இதை வலுவாக எடுத்துச் சொல்லி, பால் சுட்டாத ஆங்கிலத்தில் தாமே மொழிபெயர்த்தும் காட்டினார். ஆனால் மூல மந்திரத்தில் படைப்பவனைக் குறிக்கும் ‘கர்த்தா புரக்’ என்பதில் உள்ள புருஷனும், நாயகனைக் குறிக்கும் சொற்களும் மூலத்திலேயே ஆண்பால். எல்லாவற்றையும் பொதுப்பாலாக்கினால் மணப்பெண் யாருக்காக ஏங்குகிறாள் என்பது மங்கிவிடும். பிரதிப்பெயர் இல்லாத இடத்தில் சேர்க்காமல் இருக்கவும், ஆண்பாற் சொல் உள்ள இடத்தில் மறைக்காமல் இருக்கவும் ஒரே மொழிபெயர்ப்பில் முடியும் என்றே நினைக்கிறேன். அப்படி முழு நூலையும் செய்தவரை நான் இன்னும் படிக்கவில்லை.

பெயர்களின் கதை வேறு. ராம், ஹரி, கோபால், முராரி, அல்லா, குதா, கரீம், ரஹீம் எல்லாம் இந்த நூலில் வருகின்றன. ராமகலி ராகத்தில் ஐந்தாம் குருவான குரு அர்ஜன் ‘ஒருவர் ராம் ராம் என்கிறார், ஒருவர் குதா என்கிறார்’ என்று பாடும்போது பெயர்களை அப்படியே விடாமல் வழியில்லை. அதனால் அங்கே எல்லா மொழிபெயர்ப்பும் நன்றாக இருக்கின்றன. மற்ற பக்கங்களில் அவற்றை ஒரேயடியாக ‘லார்ட்’ என்று மாற்றிவிடுகிறார்கள். நிலப்பிரபுவின் வாடையும் பைபிளின் வாடையும் சேர்ந்த அந்த ஒரு சொல், பஞ்சாபின் இரண்டு மரபுகளும் ஒரே வாயில் கலந்து ஒலித்ததை அழித்துவிடுகிறது. திலங் ராகத்தில் குரு நானக் பாரசீகத்திலேயே ஒரு பாடல் பாடியிருக்கிறார். ‘யக் அரஜ் குஃப்தம் பேசி தோ தர் கோஸ் குன் கர்த்தார்.’ உன் முன் ஒரு விண்ணப்பம் வைத்தேன், செவிகொடு, கர்த்தாரே (படைத்தவனே). வாக்கியம் முழுவதும் பாரசீகம், அழைக்கப்படும் பெயர் மட்டும் வடமொழி வழி வந்தது. அரசவையில் மனு கொடுக்கும் மொழியில் கடவுளிடம் மனு கொடுத்து, பெயரை மட்டும் ஊர்ப் பெயராக வைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் இது எப்படித் தெரியும்? அடிக்குறிப்பு இல்லாமல் தெரியவே தெரியாது. 12-ஆம் நூற்றாண்டில் பிறந்த சூஃபி ஞானி ஷேக் ஃபரீதின் மேற்குப் பஞ்சாபி, மகாராஷ்டிரத்து நாமதேவரின் மொழி, காசிப் பக்கத்துக் கபீரின் மொழி, 17-ஆம் நூற்றாண்டின் ஒன்பதாம் குரு தேக் பகதூருடைய பிரஜ் (மதுரா வட்டார மொழி) சாயல் எல்லாம் இந்த 1,430 பக்கங்களில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

உயர்த்திப் பேசுவதும் ஒரு தவறுதான், அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஜப்ஜியின் இருபதாம் பவுடி எவ்வளவு சாதாரணமான பேச்சு என்று பாருங்கள். கையும் காலும் உடம்பும் அழுக்கானால் தண்ணீரால் கழுவினால் புழுதி போகும். மூத்திரத்தால் துணி தீட்டுப்பட்டால் சோப்புப் போட்டு வெளுக்கலாம். மதி பாவத்தால் அழுக்கானால் அது நாமத்தின் ‘ரங்’கினால் வெளுக்கும். ‘சாபூண்’ என்ற சொல்லே அங்கே இருக்கிறது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் பைபிள் நடையின் கம்பீரம் ஏறி, இந்தத் துணி துவைக்கும் நெருக்கம் மறைந்துபோகிறது. கடைசிச் சொல்லான ‘ரங்’ சாயத்தையும் குறிக்கும், அன்பையும் குறிக்கும். பொதுவாகத் துணிக்கு முதலில் வெளுப்பு, பிறகு சாயம். இங்கே சாயமே அழுக்கைப் போக்குகிறது. ‘நாமத்தின் மீதான அன்பால்’ என்று ஆங்கிலத்தில் எழுதியவுடன் பொருள் சரி, கவிதை போய்விட்டது.

வரலாற்றையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் ஆங்கிலப் பெயர்ப்புகளின் குணம் புரியும். முதலில் பெரிய அளவில் செய்தவர் எர்னஸ்ட் டிரம்ப் என்ற ஜெர்மானிய மொழியறிஞர். லண்டனில் இருந்த இந்திய அலுவலகத்தின் பணியாக அவர் செய்த பகுதி மொழிபெயர்ப்பு 1877-இல் வெளிவந்தது. மொழியியல் அறிவில் அவருக்குக் குறைவில்லை; ஆனால் முன்னுரையிலேயே நூலைக் கோர்வையற்றது, ஆழமற்றது என்று இழித்து எழுதினார். சீக்கியர்களுக்கு அது ஆறாத புண்ணாயிற்று. ஃபரீத்கோட் மன்னர் விரிவான உரை ஒன்றை எழுதுவிக்க முன்வந்ததற்கு அந்த வேதனையும் ஒரு காரணம். அடுத்து வந்த மெக்காலிஃப் நேர் எதிரானவர். இந்தியக் குடிமைப் பணியை 1893-இல் துறந்து, பாய் கான் சிங் நாபா போன்ற அறிஞர்களின் துணையோடு, செய்ததை ஞானிகளிடம் காட்டித் திருத்தி, 1909-இல் ஆறு தொகுதிகளாக ஆக்ஸ்போர்டில் வெளியிட்டார். அவரது நேர்மையை மதிக்காமல் இருக்க முடியாது. ஆனால் பாடல்களை ராக வரிசையிலிருந்து எடுத்துக் குருமார்களின் வாழ்க்கைக் கதைக்குள் பொருத்தினார். கடவுளை நீ என்று அழைக்கும் இடங்களில் பழைய ஆங்கிலத்தின் ‘தௌ’வைப் பயன்படுத்தினார். அது ஒரு காலத்தில் நெருக்கத்தின் சொல். இன்றைய காதுக்குத் தேவாலயச் சொல். முழு நூலும் ஆங்கிலத்தில் வரக் கோபால் சிங்கின் 1960-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்பின் அந்தப் பத்தாண்டுகளிலேயே மன்மோகன் சிங்கின் எட்டுத் தொகுதிகளை, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு வெளியிட்டது. 1980-களில் குர்பச்சன் சிங் தாலிபின் மொழிபெயர்ப்பு பாட்டியாலாப் பஞ்சாபிப் பல்கலைக்கழகத்திலிருந்து வரத் தொடங்கியது. நம்பத்தக்கவை வரவில்லை என்பது சரியல்ல, பல வந்திருக்கின்றன. ஒன்று மட்டும் போதும் என்ற நிலைதான் வரவில்லை, வராது.

அது வராததற்கு இசை ஒரு முக்கியக் காரணம். நூலின் பெரும்பகுதி 31 ராகங்களின் கீழ் அடுக்கப்பட்டிருக்கிறது. பாடலின் நடுவில் ‘ரஹாவு’ என்று ஒரு குறி வரும். அந்த அடிதான் பல்லவியாகத் திரும்பத் திரும்பப் பாடப்படுவது; பாடலின் மையக் கருத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆங்கிலத்தில் ‘நிறுத்தம்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறார்கள். மேலிருந்து கீழே நேராகப் படிக்கும் வாசகர் மையத்தைக் கடந்துபோனதை அறியவே மாட்டார். நீங்கள் படிக்கும்போது ரஹாவு அடியை முதலில் படியுங்கள், ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் அதற்குத் திரும்புங்கள். ஆங்கிலத்திலேயே பாடல் வேறாகத் தெரியும்.

தமிழில் செய்யலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலத்தை மட்டும் வைத்துச் செய்யாதீர்கள். குர்முகி எழுத்து கடினமானதல்ல. சில வாரங்களில் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். மூல வரி, சாகிப் சிங்கின் சொற்பொருள், குணம் வேறான இரண்டு ஆங்கிலப் பெயர்ப்புகள் ஆகியவற்றை அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலங்கள் இரண்டும் முரண்படும் இடத்தில் நின்று மூலத்தைப் பாருங்கள். அங்கேதான் யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். பஞ்சாபி தாய்மொழியான, குர்பானி கற்ற ஒருவரிடம் ஒவ்வொரு பவுடியையும் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு பொருளுக்கு இடமுள்ள வரிகளில் எதை எடுத்தீர்கள், எதை விட்டீர்கள் என்று அடியில் எழுதுங்கள். ஆங்கிலப் பதிப்புகளில் நான் ஏங்குவது இந்தக் குறிப்புகளுக்காகத்தான்.

தமிழுக்குச் சில வசதிகள் உண்டு. எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்கும், வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும், கடவுளை ‘நீ’ என்று கூசாமல் அழைக்கலாம். ‘ஹௌமை’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஈகோ’ என்று உளவியல் சொல்லைப் போட்டுத் திணறுகிறார்கள்; ‘நான் நான்’ என்ற அதன் உட்பொருளைத் தமிழ் எளிதில் தாங்கும். ஆனால் வசதியாகத் தோன்றும் சொற்களிடம்தான் அதிகம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘மாயை’ என்று எழுதினால் தமிழ் வாசகர் உலகம் பொய்த் தோற்றம் என்ற வேதாந்தப் பொருளுக்குப் போய்விடுவார். குர்பானியில் ‘மாயா’ பல இடங்களில் பணம், சொத்து, அவற்றின் மேல் உள்ள பற்று என்று கையால் தொடக்கூடிய பொருளில் வருகிறது. ‘நாமம்’ என்றால் நமக்கு ஜபிக்க ஒரு பெயர். அங்கே அது பெயரையும் தாண்டி, அந்த ஒன்று வெளிப்பட்டு நிற்கும் முழுமையையும் குறிக்கிறது. ‘ஹுக்கம்’ என்பதை ‘விதி’ என்று எழுதத் தோன்றும். தயவுசெய்து எழுதாதீர்கள், ஆணை என்று வையுங்கள், அல்லது ஹுக்கம் என்றே விட்டு ஒருமுறை விளக்குங்கள். முதல் பவுடியின் கடைசி வரி அந்த ஆணையின்படி விரும்பி நடப்பதைச் சொல்கிறது. விதி என்று போட்டால் நடப்பதற்கு அங்கே ஒன்றும் மிச்சமிருக்காது.